கம்பியில் குத்திய கடுதாசிகள்

1986 உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து அப்பா யூனியன் சேர்மன் ஆனார். 1991-ல் பதவிக்காலம் முடிந்தது. அதற்கப்புறம் 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரிடமும் தோற்கவில்லை, திட்டுவதற்கும் ஆளில்லை. ஜீப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவரோடு ஊத்தங்கரைக்காரர், பாலக்கோட்டுக்காரர் என்று அந்தக் காலத்துத் தர்மபுரி மாவட்டத்துச் சேர்மன்கள் மொத்தமும் ஒரே சமயத்தில் மாஜி. (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான்.)

ஆபீஸ் போனும் போய்விட்டதால் ஆளுக்கு ஆள் கடுதாசி போட ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் பதினைந்து பைசா கார்டுதான். வந்த கடுதாசிகளை அப்பா உத்திரத்தில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தி வைப்பார். அதனால் ஒவ்வொரு கார்டின் நடுவிலும் துருப்பிடித்த ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் சில சமயம் முக்கியமான எழுத்தே போயிருக்கும். ஒரு கார்டில் தொகை இருக்கிறது, ஆயிரமா நூறா என்பது கம்பிக்குத்தான் வெளிச்சம்.

அரசியல்வாதிகள் ஓய்வில் எழுதிக்கொண்டதென்றால் பெரிய ரகசியமெல்லாம் இருக்கும் என்று நினைப்போம். இதில் இருப்பது கைபம்பு. "அண்ணே, காலனி போருக்கு வாஷர் மாத்தச் சொல்லி ஆபீஸுக்குப் போனேன். நீங்க யாருங்கன்னு கேக்கறான். அஞ்சு வருஷம் அந்தச் சேர்லதானே உக்காந்திருந்தேன்." எழுதியவர் ஊத்தங்கரை மாமா. எதிர்க்கட்சி. தேர்தல் சமயத்தில் அப்பாவை மேடை போட்டு விளாசியவர். கார்டின் முடிவில் மட்டும் "அண்ணியாருக்கு வணக்கம், தோட்டத்து மல்கோவா அனுப்புகிறேன்" என்று இருக்கும்.

அடுத்தபடியாக அதிகம் வருவது தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணற்றிலும் போரிலும் ஃப்ளோரைடு ஜாஸ்தி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் காவி தெரியும். "ஒகேனக்கல் தண்ணி நம்ம காலத்துல வராது, பேரன் பேத்தி குடிச்சாச் சரி" என்று பாலக்கோட்டுக்காரர் எழுதியிருக்கிறார். கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டபோது அவர் இல்லை. சொன்னது சரிதான்.

கம்பியில் ஒரு சாவுச் செய்திகூட இல்லை. துக்கக் கடுதாசியைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம், வீட்டில் வைக்கமாட்டார்கள். கல்யாணக் கடுதாசிகள் மஞ்சள் தடவிய மூலையோடு அப்படியே இருக்கின்றன. ஆக, இந்தக் கட்டில் எல்லோருக்கும் கல்யாணம் நடக்கிறது, யாரும் சாவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு கையெழுத்து வருவது நின்றுபோகும், அவ்வளவுதான்.

அண்ணன் மகள் பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் இருக்கும் சுவான்சி என்ற ஊரில் நர்ஸ். போன மாசம் போனில் இதைச் சொன்னபோது, "அத்தை, இங்க பக்கத்து ஊர் எம்.பி. ஒருத்தரோட காகிதமெல்லாம் லைப்ரரியிலயே வெச்சிருக்காங்க" என்றாள். ஜிம் கிரிஃபித்ஸ். பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். 1936-லிருந்து 1970 வரை லனெத்லி எம்.பி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்த மந்திரி. வேல்ஸுக்கென்று தனி மந்திரி வேண்டும் என்று சொந்தக் கட்சிக்குள்ளேயே மல்லுக்கட்டி, 1964-ல் அந்தப் பதவியில் முதல் ஆளாக உட்கார்ந்தவர். 1975-ல் இறந்தார். அவருடைய காகிதங்கள் அபெரிஸ்டுவித் ஊரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

எனக்குப் பொறாமை வந்தது அதற்காக இல்லை. அவருக்கு அடுத்து 1966-ல் அதே நாற்காலிக்கு வந்த கிளெட்வின் ஹியூஸின் காகிதங்களும் அதே நூலகத்தில்தான் இருக்கின்றன. அரசியல் காகிதங்களைச் சேர்ப்பதற்கென்றே 1983-ல் அங்கே தனிப் பிரிவு ஆரம்பித்திருக்கிறார்கள். பழைய சகாக்கள் எழுதியது ஒரு அட்டைப்பெட்டி, அவர்களுக்குப் போனது இன்னொரு அட்டைப்பெட்டி என்று ஒரே கூரையின் கீழ் வைத்து ஒப்பிடலாம். அப்பாவின் கம்பியில் இருப்பதெல்லாம் மற்றவர்கள் எழுதியது. அப்பா எழுதியது ஊத்தங்கரையிலும் பாலக்கோட்டிலும் யார் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ. போனில் ஒரு பக்கம் பேசுவதை மட்டும் கேட்பது போலத்தான் இத்தனை வருஷம் படித்திருக்கிறோம்.

ஊத்தங்கரை மாமாவின் ஒரு இன்லண்ட் லெட்டர், 1996 ஆவணி மாசம். "நீங்க எழுதின விஷயம் வேண்டாம்ணே. வெளிய தெரிஞ்சா உங்களை வெச்சிருக்க மாட்டாங்க. சர்க்கரை எப்படி இருக்கு?" அந்த விஷயம் ஏதோ நிலத்தகராறு என்று அம்மா கடைசிவரை நம்பினார். பணம் என்று அண்ணன். நானும் அண்ணன் கட்சிதான்.

சுவான்சிக்காரி பேசி வைத்த சூட்டில் ஊத்தங்கரைக்குப் போனேன். மாமாவின் மகன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். அவர் அப்பா கம்பியில் குத்தவில்லை, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். பேண்டு உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. அதில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. "இந்த தடவை நீங்களே நில்லுங்க. நம்ம பயலுக ஓட்டு உங்களுக்கு விழற மாதிரி நான் பாத்துக்கறேன். எங்க ஆளு ஜெயிச்சா கைபம்பு ஒண்ணுகூட உருப்படாது."

எங்க ஆளு என்றது சொந்தக் கட்சி வேட்பாளரை. ஊத்தங்கரைப் பக்கம் அப்பாவின் சொந்தபந்தம் நிறைய, அந்த ஓட்டைத்தான் சொல்கிறார். கட்சிக் கரை வேட்டியோடுதான் என்னைத் தூக்கிப் போக வேண்டும் என்று சொன்ன மனுஷன்! மாமாவின் மகனும் நானும் அந்தக் காகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். "எழுதிப் போடட்டுங்களா?" என்று கேட்டதற்கு, "போடுங்க அக்கா, இப்ப யாரு அவங்களைக் கட்சிய விட்டு நீக்கப்போறா" என்றார். மாமா அந்தத் தேர்தலில் நிற்கவில்லை.

பாலக்கோட்டு வீட்டில் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. பரணில் ஒரு சாக்கு நிறையக் காகிதம் இருக்கிறதாம். மருமகள் போனில் சொன்னது: "போகிக்கு எல்லாத்தையும் எடுத்துக் கொளுத்தலாம்னு இருக்கோம், வேணும்னா அதுக்குள்ள வந்துடுங்க." ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.