மறியலுக்குப் போய் வந்து லொறி ஓடிய கதை

மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போய் வந்தவன் பாரவாகன லைசன்ஸ் எடுக்கலாமா என்று ஊர்ப் பொடியன்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எடுக்கலாம். நான் எடுத்து ஓடிக்கொண்டிருக்கிறேன். லைசன்ஸ் எடுத்தது பாதிக் கஷ்டம்கூட இல்லை. பத்து தொன் சரக்கோடு ஒரு லொறியை என் கையில் நம்பித் தர ஆளைத் தேடியதுதான் கஷ்டம்.

வழக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ல் கோயில் திருவிழா இரவு ஒன்றில் இரண்டு ஒழுங்கைப் பொடியன்களுக்குள் அடிபாடு. பொல்லை எடுத்தவன் நான். மற்றவனுக்குக் கை எலும்பு முறிந்தது. சும்மா நின்ற என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்ல வாய் வராது. மூன்று மாதம் விளக்கமறியல், பிறகு ஆறு மாதச் சிறை, அதற்கு மேல் நட்டஈடு. அம்மாவின் காப்பு அந்த நட்டஈட்டில் போனது.

வெளியே வந்ததும் கட்டாருக்குப் போய் ட்ரைவர் வேலை பார்க்கும் யோசனை. ஏஜென்சிக்காரர் பொலிஸ் கிளியறன்ஸ் கேட்டார். வந்த அறிக்கையில் என் வழக்கு ஏறியிருந்தது. கட்டார்க் கதை அதோடு சரி.

வான் ஓடும் லைசன்ஸ் 19 வயதிலேயே எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டி ஒரு கடையில் டெலிவரி வேலைக்குச் சேர்ந்தேன். “வழக்கு கிழக்கு ஏதும் இருக்கோ?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பதினோராம் நாள் பிடிபட்டேன். கடைக்காரரின் மச்சான் பெண் எடுத்தது எங்கள் ஊரில். யாழ்ப்பாணத்தில் பொலிஸ் ரிப்போட் எதற்கு? “நீ ஆற்ற மோன்?” என்ற ஒரு கேள்வி போதும். கடைக்காரர் ஏசவில்லை. பத்து நாள் சம்பளத்தை எண்ணி மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஆளோடு கதைக்கத் தொடங்கினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்புறம் சுன்னாகம் பக்கம் வெங்காயமும் வாழைக்குலையும் வாங்கித் தம்புள்ளைக்கு அனுப்பும் ஒரு முதலாளிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். கிராம சேவகரான விதானையாரிடம் கடிதம் கேட்டுப் போனேன். “ஊரில நல்லா நடக்கிறான் எண்டு எழுதுவன். வழக்கில்லை எண்டு எழுத மாட்டன்” என்றார். அப்படியே எழுதியும் தந்தார். முதலாளி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“வழக்கைப் பற்றி ஒண்டும் இல்லை. என்ன விசயம்?”

சொன்னேன்.

“அடிச்ச பொடியனோட இப்ப கதைக்கிறனியோ?”

“இல்லை ஐயா. கண்டால் தலையாட்டுவான்.”

“குடிக்கிறனியோ?”

“அண்டைக்குக் குடிச்சிருந்தனான்.”

கொஞ்ச நேரம் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். “றைவரா எடுக்க மாட்டன். கிளீனரா வா. பாப்பம்.”

அந்தப் ‘பாப்பம்’ ஏறக்குறைய மூன்று வருடம் நீண்டது. அந்த மூன்று வருடமும் வீண் என்று சொல்ல மாட்டேன். படங்கு கட்டுவது ஒரு தனிக் கலை. வெங்காய மூட்டைக்கு மேல் படங்கை இறுக்கி மூடினால் உள்ளே வேர்த்துத் தம்புள்ளை போவதற்குள் மணக்கத் தொடங்கிவிடும். முன்பக்கம் காற்றுப் போக வழி விட வேண்டும், மழை வந்தால் உடனே ஓடி இறங்கி அதை மூடவும் வேண்டும். இரவில் ஏ9 வீதியில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகளைத் தூரத்திலேயே காண்பதும் அப்போது பழகியதுதான். கறுப்பு மாடு என்றால் கண் மட்டும்தான் மின்னும்.

2021ல் ஒரு நாள் முதலாளி தானாகவே கேட்டார், “லைசன்ஸ் எடுக்கேல்லையோ?” என்று. பாரவாகனத்துக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், இலகு வாகன லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் போயிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் சரி. போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் கண், காது, பிரஷர் எல்லாம் பார்த்து மெடிக்கல் தந்தார்கள். அதையும் அடையாள அட்டையையும் பழைய லைசன்ஸையும் கொண்டு மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போனேன். மறியல் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த அக்கா கேட்டது இரத்த வகை மட்டும்தான். வசனம் வீணாகிவிட்டது. இதே வழக்கு குடித்துவிட்டு வாகனம் ஓடிய வழக்காக இருந்தால் கதை வேறு. அதற்கு நீதிமன்றமே லைசன்ஸை நிறுத்தி வைக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பயப்படும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ட்ரயலுக்குக் கிடைத்தது ஒரு கிழட்டு லேலண்ட். எனக்கு முன்னால் ஏறிய பொடியன் சாவியைத் திருப்பினான், கியரைப் போட்டான், எடுத்தான். உடனே இறக்கிவிட்டார்கள். எயார் பிரேக் வண்டியில் ஸ்டார்ட் பண்ணியதும் காற்று ஏறும்வரை பொறுக்க வேண்டும். காற்று இல்லாமல் எடுத்தால் பிரேக் இருக்காது. நான் ஏறி ஸ்டார்ட் பண்ணிவிட்டு காற்றின் அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழும்புகிறது, எழும்புகிறது, எழும்பி முடியவில்லை. பக்கத்தில் இருந்த பரிசோதகர் பேனையால் பலகையில் தட்டினார். அவசரப்படுத்துகிறாரோ, சோதிக்கிறாரோ தெரியவில்லை. காற்றுப் போதாது என்று அடிக்கும் மணிச் சத்தம் நின்றதும்தான் கியரில் கை வைத்தேன். றிவர்ஸில் ஒரு கம்பத்தை இடிக்கப் பார்த்தேன், இடிக்கவில்லை. பாஸ்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் பழகியவனுக்கு ஒரு குறை உண்டு. எங்களுக்கு மலை தெரியாது. எங்கள் ஊரின் பெரிய ஏற்றம் ஒரு மதகு. முதல் தரம் கண்டிக்குச் சரக்கு ஏற்றியபோது மாத்தளை தாண்டி வளைவுகளில் லொறி நடை வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் ஹோர்ன் சத்தம். ஏற்றத்தைவிட இறக்கம் மோசம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். ரயர் பக்கமிருந்து கருகல் மணம் வந்தது. ஓரத்தில் நிறுத்தி முதலாளிக்குப் போன் எடுத்தேன். “ஏறின கியரிலயே இறங்கு, பிரேக்கை நம்பாத” என்றார். சூடு ஆற ஒரு மணித்தியாலம் அங்கேயே நின்றேன்.

2022ல் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியது. அதுவும் கிடைக்காமல் வரிசையில் லொறிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்த நாட்களில் வேலையே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஊரில் இன்னும் சிலருக்கு நான் ‘மறியல்காரன்’தான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் விற்கும் அம்மாவுக்கு நான் ‘வெங்காய லொறித் தம்பி’.

எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று எழுதினால் பொய். கொழும்புத் துறைமுகத்துக்குள் போகும் கொண்டெயினர் வேலைக்குக் கேட்டுப் பார்த்தேன், பொலிஸ் ரிப்போட் வேண்டுமென்றார்கள். எரிபொருள் பவுசருக்கும் அதே பதில். சம்பளம் அங்கேதான் கூட. பாரவாகன லைசன்ஸ் 4 வருடத்துக்குத்தான் என்பதால் திரும்பவும் மெடிக்கலுக்குப் போய்ப் புதுப்பித்துவிட்டேன். இந்த முறையும் கேட்டது இரத்த வகைதான்.

போன கிழமை முதலாளி புதுக் கிளீனர் ஒருவனை அனுப்பி, “ஊரில விசாரிச்சுப் போட்டுச் சொல்லு” என்றார். நான் ஊரில் விசாரிக்கவில்லை. அவனையே கேட்டேன்.

“மறியலுக்குப் போனனியோ?”

“ஐயோ இல்லை அண்ணை!”

“படங்கு கட்டத் தெரியுமோ?”

“அதுவும் இல்லை அண்ணை.”

கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.