உங்க இஷ்டம் சார்

அந்த வரியை எடுத்துவிடலாமா என்று எடிட்டர் கேட்டபோது, “உங்க இஷ்டம் சார்” என்றேன். சொல்லி எட்டு மாதம் ஆகிறது. பாடம் வெளியாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.

நான் எழுதியது பிள்ளைகளுக்கான பத்து நிமிட வரலாற்றுப் பாடம், தமிழ்க் குரலில். அமெரிக்காவின் நாஷ்வில் நகரம், 1960 ஏப்ரல் 19. அங்கே கடைகளின் சாப்பாட்டுக் கவுன்ட்டர்களில் கறுப்பினத்தவர் உட்கார்ந்து சாப்பிட முடியாது. அதை எதிர்த்து மாணவர்கள் கவுன்ட்டரிலேயே போய் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தார்கள். விடிகாலையில், அவர்களுக்காக வாதாடிய கறுப்பின வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வீசினார்கள். எதிரே மெஹாரி மருத்துவக் கல்லூரியின் ஜன்னல்கள் நூற்றுக்கு மேல் நொறுங்கின. அன்றே ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் நடந்து மேயரைப் பார்க்க வந்தார்கள். படிக்கட்டில் மேயர் பென் வெஸ்ட். எதிரே 21 வயது மாணவி டயான் நாஷ். நிறத்தைப் பார்த்து ஒருவரை ஒதுக்குவது தவறுதானே என்று கேட்டார் நாஷ். பொருளை விற்றுவிட்டு, உட்கார்ந்து சாப்பிட இடமில்லை என்பது சரியில்லை என்று மேயர் ஒப்புக்கொண்டார். அப்படியானால் கடைகளின் சாப்பாட்டுக் கவுன்ட்டர்களை எல்லாருக்கும் திறக்கச் சொல்கிறீர்களா? ஆம் என்றார். கூடவே ஒரு வால்: அது கடை மேலாளர்களின் முடிவு.

அந்த வாலைத்தான் வெட்டினோம்.

“பிள்ளைங்களுக்கு ‘ஆம்’னு முடிஞ்சாத்தாம்மா மனசுல நிக்கும். மூணு செகண்டும் மிச்சம்” என்றார் எடிட்டர். அவர் சொன்னதில் தப்பில்லை. குரல் கொடுப்பவருக்கு அடுத்த ஸ்டுடியோவில் வேலை காத்திருந்தது. வெட்டிய பிறகும் பாடத்தில் பொய் எதுவும் இல்லை. மேயர் ஆம் என்றது உண்மை, மே 10 அன்று ஆறு கடைகள் கவுன்ட்டர்களைத் திறந்ததும் உண்மை. மாணவர்களுக்கு அறவழிப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லாசன் நாக்பூரில் இருந்து சத்தியாகிரகம் படித்தவர் என்ற வரிக்கு மட்டும் ஆறு வினாடி தாராளமாகக் கிடைத்தது. நம்ம ஊர் பெயர் வந்தால் யாருக்கும் நேரம் போதாமல் போவதில்லை.

ஆனால் வால் இல்லாவிட்டால் மேயர் வேறு ஆளாகிவிடுகிறார். படிக்கட்டில் நின்று ஒரு வார்த்தை சொன்னார், கடைக் கதவு திறந்தது என்றாகிவிடுகிறது. அவர் உத்தரவு எதுவும் போடவில்லை. அவருடைய நகரத்துப் போலீஸ்தான் பிப்ரவரி 27 அன்று, கவுன்ட்டரில் உட்கார்ந்து அடி வாங்கிய மாணவர்களில் 81 பேரைப் பிடித்துக்கொண்டு போனது, அடித்தவர்களை விட்டுவிட்டு. அவர் அமைத்த குழு, கவுன்ட்டரை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் வெள்ளையருக்கு மட்டும் என்று யோசனை சொன்னது. (இரட்டைக் குவளையைக் கேள்விப்பட்ட பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.) மாணவர்கள் அதை ஏற்கவில்லை. ஈஸ்டர் சமயத்தில் கறுப்பின மக்கள் கடைவீதிப் பக்கமே போகாமல் இருந்ததில் வியாபாரம் படுத்தது. இறங்கி வர முதலாளிகளுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. மேயரின் ‘ஆம்’ அந்தச் சாக்கு. அப்படிப் பார்த்தால் வால்தான் பாடமே என்று எனக்குத் தோன்றியது. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம்தான் அந்த ஊர்ப் பத்திரிகைகளைப் பற்றிப் படித்தேன். ஒரே பேச்சை இரண்டு பத்திரிகைகள் இரண்டு விதமாகப் போட்டிருக்கின்றன. மாணவர்கள் மீது அனுதாபம் காட்டிய ‘டென்னசியன்’ மேயர் இணங்கி வந்ததைப் பெரிதாக்கியது. போராட்டத்தைப் பிடிக்காத ‘பேனர்’தான் மேலாளர்கள் முடிவு என்ற வாலை முன்னால் வைத்தது. நேர்மை என்று நான் கட்டிக்காக்க நினைத்த வரி பேனர்காரர்களுக்குப் பிடித்த வரி. எடிட்டர் செய்தது டென்னசியன்காரர்கள் செய்தது மாதிரி. அந்த ஊருக்கு எது நல்லது செய்தது என்றால், டென்னசியன் பக்கம்தான் கை காட்டுவேன். அப்படியும் மனசு ஆறவில்லை.

ஒருவேளை என்னைக் குடைவது மேயரின் வாலே இல்லையோ என்னவோ. சரியென்று தோன்றுவதைச் சொல்லிவிட்டு முடிவை மேலாளரிடம் தள்ளிவிட்டார் என்று எழுதியவள் நான். சரியென்று தோன்றியதைக்கூடச் சொல்லாமலே தள்ளிவிட்டவளும் நானேதான். அவருக்கு எதிரே ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். எனக்கு எதிரே ஆறிப்போன டீயும், மணியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரும். இதற்கே இப்படி.

குரல் கொடுத்தவர் முழு வரியையும் படித்துவிட்டார், பதிவில்தான் நறுக்கினோம். காதில் மாட்டிக் கேட்டால் ‘ஆம் என்றார்’ முடிந்ததும் ஒரு சின்ன மூச்சு கேட்கும். அடுத்த வார்த்தைக்காக அவர் இழுத்தது. எடிட்டிங் தம்பியிடம் சொன்னால் அரை நிமிஷ வேலை. இதுவரை சொல்லவில்லை.