இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள்: ஏலத் தோட்டத்து சைட்-பை-சைட் வண்டிக்கு 23 நாள் பட்ட பாடு

"பாக்ஸ் போச்சுண்ணே, உள்ள பல்லு தேஞ்சிருச்சு." போடியில் ஒரு பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், லிவரை நாலு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை இது. அதை நம்பி கியர்பாக்ஸைப் பிரித்தாயிற்று. உள்ளே பற்கள் எல்லாம் புதுசு மாதிரி, முனை கூர் மழுங்காமல் இருந்தன. பிரித்த கூலி, மூடுவதற்கு சீலண்ட், புது ஆயில், பிக்கப் வாடகை அத்தனையும் வீண். காய் எடுப்பு நடக்கிற நேரத்தில் வண்டி (இருவர் அருகருகே உட்கார்ந்து மேடு பள்ளத்தில் ஓட்டுகிற சின்ன நாலு சக்கர வண்டி, அதைத்தான் சைட்-பை-சைட் என்கிறார்கள்) 23 நாள் படுத்துவிட்டது. கோளாறு இருந்ததோ வேறு இரண்டு இடத்தில், ஒரே நேரத்தில். இடுக்கி மலையில் சூரியநெல்லி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்டங்களில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதே செலவைச் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

கோளாறு வந்த விதம் இது. இன்ஜின் ஓடும்போது நியூட்ரலிலிருந்து ரிவர்ஸ் போட்டால் "க்ர்ர்ர்" என்று நீளமாக அரைக்கும். ஹை கியர் விழுந்த மாதிரி இருக்கும், மேட்டில் உர மூட்டையோடு ஏறும்போது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும். பாரத்தோடு மேட்டில் கியர் கழன்றால் பிரேக் ஒன்றுதான் துணை, ஆகவே அன்றைக்கே வண்டியை நிறுத்தியாயிற்று.

எங்களுடையது மாதிரி வண்டிகளில் காலால் மிதிக்கிற கிளட்ச் கிடையாது. இன்ஜின் பக்கம் ஒரு கப்பி (முன்கப்பி), கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கப்பி (பின்கப்பி), நடுவில் பெல்ட். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, இன்ஜின் பக்கத்துக் கப்பி விரிந்து பெல்ட்டை விட்டுவிட வேண்டும். விட்டால் கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாப்ட் நிற்கும், கியர் வழுக்கிக்கொண்டு விழும். விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லைத் திணிக்கிறோம், அதுதான் அரைக்கிற சத்தம். போடும்போது ஒரே ஒரு "டக்" கேட்டால் அது இயல்பு. நீளமாக அரைத்தால் இயல்பு இல்லை.

அதனால் முதல் வேலை, ஸ்பேனரை எடுக்கும் முன்னால், இது: சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பல் பல்லோடு முட்டி நிற்கும்போது விழாது. அப்போது கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஒருவர் வண்டியை லேசாக முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும்.

அணைத்த நிலையில் எல்லா கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் அரைத்தால் கோளாறு பெல்ட் பக்கம் அல்லது ஐடிலிங்கில். அணைத்த நிலையிலும் கடினமாக இருந்தால், அல்லது வரிசையின் ஏதாவது ஒரு முனையில் உள்ள கியர் மட்டும் முழுசாக விழாவிட்டால் கேபிள், லிவர், அதற்கு அப்புறம்தான் கியர்பாக்ஸ். இரண்டு நிமிட வேலை. எங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்து வந்ததால் குழப்பியது: ஹை முழுசாக விழாதது கேபிள், ரிவர்ஸ் அரைத்தது பெல்ட் பக்கம்.

கேபிளை முதலில் சொல்லிவிடுகிறேன். லிவர் பக்கம், கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு உள்கம்பியைக் கையால் தள்ளி இழுத்தால் வெண்ணெய் மாதிரி போக வேண்டும். எங்களுடையது ஓர் இடத்தில் கரகரவென்று பிடித்தது. கையால் தடவிக்கொண்டே போனால் சைலன்சர் அருகே மேலுறை உருகி, கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒட்டிப்போயிருந்தது. கட்டியிருந்த டேக் அறுந்து கேபிள் சைலன்சர் மேல் சாய்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் முனையில் ரப்பர் உறையும் கிழிந்து, மழைத் தண்ணீர் இறங்கி உள்கம்பி துருப் பிடித்திருந்தது. லிவர் முழு தூரம் போனாலும் கம்பி முழு தூரம் போவதில்லை. ஹையில் பற்கள் பாதிதான் பூட்டியிருக்கும், பாரம் ஏறியதும் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக் கழலும். இதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பல்லின் முனை உருண்டுபோய், அப்புறம் நிஜமாகவே கியர்பாக்ஸ் செலவு வரும். கிரீஸ் விட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்வார்கள், உருகிய உறைக்கு அது உதவாது.

கேபிள் வாங்குகிற கதை தனி. எர்ணாகுளத்தில் ஒரு ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போன் செய்து, சேஸிஸ் நம்பர் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டா சேட்டா, மாடல் பேரு மதி" (மாடல் பேர் போதும்) என்றார் அங்கிருந்தவர். மூணாறிலிருந்து பூப்பாறைக்கு வரும் கேப் ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் பார்சல் வர ஒரு வாரம். பிரித்துப் பார்த்தால் ஒரு சாண் குட்டை. அதே மாடல் பெயரில் வேறு வருஷத்து வண்டிக்கு உள்ள கேபிள். திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி ஒரு ஆணிகூட வாங்காதீர்கள். வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் 17 இலக்க சேஸிஸ் நம்பரைச் சேறு கழுவிப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பழைய கேபிளை டேப் வைத்து முனையிலிருந்து முனை அளந்து அந்த அளவையும் எழுதி அனுப்புங்கள், பில்லில் பார்ட் நம்பரைப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை இப்படிச் செய்ததும் சரியான கேபிள் வந்தது.

மாட்டுவது சுலபம், அளவு வைப்பதுதான் வேலை. பட்டறையில் பெரும்பாலும் பழைய கேபிளின் மரை எங்கே இருந்ததோ அங்கேயே புதுசையும் முறுக்கிவிடுகிறார்கள். அது தப்பு. கியர்பாக்ஸ் மேல் இருக்கும் சின்னக் கையில் (கேபிள் தள்ளி இழுக்கும் குட்டி லிவர்) கேபிளை மாட்டாமல், அந்தக் கையை விரலால் தள்ளி அதன் பள்ளங்களை எண்ணுங்கள். எங்கள் வண்டியில் வரிசை ஹை, லோ, நியூட்ரல், ரிவர்ஸ், பார்க். பார்க் முனையிலிருந்து இரண்டு "டக்" வந்தால் நியூட்ரல். சந்தேகமிருந்தால் வண்டியைத் தள்ளுங்கள், நியூட்ரலில் உருள வேண்டும். இப்போது உள்ளே லிவரையும் நியூட்ரலில் நிறுத்தி, கேபிள் முனையை அந்தச் சின்னக் கையோடு சேர்த்துப் பிடியுங்கள். இரண்டையும் பூட்டும் பின் (ஊசி) தானாக ஓட்டையில் இறங்க வேண்டும். தட்டித்தான் இறங்குகிறது என்றால் அளவு சரியில்லை. பிராக்கெட்டில் கேபிளைப் பிடித்திருக்கும் இரண்டு லாக் நட்டில் ஒன்றைத் தளர்த்தி மற்றதை அரைச் சுற்று முறுக்கி மறுபடி பாருங்கள்.

நியூட்ரல் சரியாக இருந்தால் போதும் என்று விடக் கூடாது. இரண்டு முனையையும் பாருங்கள். ஹை போட்ட பிறகும், பார்க் போட்ட பிறகும், லிவருக்கும் அது ஓடும் பள்ளத்தின் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. லிவர் போய்ச் சுவரில் முட்டியபிறகும் கீழே "டக்" கேட்கவில்லை என்றால் கியர் முழுசாக விழவில்லை. ஒருவர் மேலே லிவரைப் போட, இன்னொருவர் கீழே அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டு செய்தால் பத்து நிமிடத்தில் முடியும். பழைய காட்டர் பின்னை (பின் கழலாமல் முனையை வளைத்துவிடும் கம்பி) நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், உடைந்து விழும். லிவர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எத்தனை அளவு வைத்தாலும் ஒரு வாரத்தில் மாறும். கேபிளை சைலன்சரிலிருந்து விலக்கி இரண்டு இடத்தில் கட்டியாயிற்று.

கேபிள் மாற்றியதும் ஹை கழலுவது நின்றது. ரிவர்ஸ் அரைப்பது நிற்கவில்லை.

இனி பெல்ட் பக்கம். முதலில் ஐடிலிங். சூடான இன்ஜின் எங்கள் வண்டியில் 1,200 ஆர்.பி.எம். அக்கம்பக்கம் நிற்க வேண்டும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதைப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் இறுக்கமாக இருந்தால் ஐடிலிங் ஏறி, கப்பி பெல்ட்டைப் பிடிக்கத் தொடங்கிவிடும். காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் தானாகவே கொஞ்சம் ரைஸில்தான் இருக்கும். அப்போதே கியர் போடுவதுதான் பாதி வண்டிகளைக் கெடுக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் விட்டு, சத்தம் இறங்கியபிறகு போடுங்கள்.

எங்கள் ஐடிலிங் சரியாக இருந்தது. அடுத்து பெல்ட் மூடியைக் கழற்றினோம். புதுப் பெல்ட் போட்டபிறகு அரைக்க ஆரம்பித்திருந்தால் பெல்ட் இறுக்கத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்: சமதளத்தில் லோவில் போட்டு பிரேக்கை விட்டதும், ஆக்சிலரேட்டர் தொடாமலே வண்டி ஊர்ந்தால் இறுக்கம். பின்கப்பியின் இரண்டு தட்டையும் சிறிது விரித்து வைத்தால் பெல்ட் உள்ளே இறங்கித் தளரும். சில வண்டியில் அதற்கு ஷிம் (மெல்லிய வாஷர்), சில வண்டியில் திருகு. ரொம்பத் தளர்த்தினால் கிளம்பும்போது வழுக்கிப் பெல்ட் கருகும்.

எங்களுடையது இதுவும் இல்லை. பெல்ட்டை எடுத்துவிட்டு முன்கப்பிக்குள், பெல்ட் உட்காரும் இடத்தில் உள்ள வளையத்தை விரலால் சுற்றிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. இறக்கத்தில் இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கிற (இன்ஜின் பிரேக்) வண்டிகளில் அந்த வளையம் ஒருவழி பேரிங். இன்ஜின் சுற்றுகிற திசையில் திருப்பினால் பூட்டிக்கொள்ள வேண்டும், எதிர்த்திசையில் தடையே இல்லாமல் ஓட வேண்டும். எங்களுடையது எதிர்த்திசையில் மணலை வைத்து அரைப்பது போல் நெருநெருவென்று வந்தது, பாதிச் சுற்றில் நின்றும் போனது. ஐடிலிங்கில் இந்தப் பேரிங்தான் பெல்ட்டை இழுத்துக்கொண்டு கியர்பாக்ஸ் ஷாப்ட்டைச் சுற்றவைத்திருக்கிறது. பெல்ட் மூடியின் ரப்பர் விளிம்பு ஓரிடத்தில் மடிந்து, ஓடையில் இறங்கும்போதெல்லாம் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எதிர்மாறாகவும் கெடும்: பூட்ட வேண்டிய திசையில் பூட்டாவிட்டால் கியர் அரைக்காது, இறக்கத்தில் இன்ஜின் பிரேக் இருக்காது. நம் சரிவுகளில் அது இன்னும் ஆபத்து.

முன்கப்பியைக் கழற்ற அந்த வண்டிக்கென்று உள்ள மரை போட்ட புல்லர் (கப்பியைக் கழற்றும் கருவி) வேண்டும். கடப்பாரையால் நெம்பினாலும் சுத்தியலால் தட்டினாலும் தட்டு வளைந்து, முழுக் கப்பியும் வாங்க வேண்டிவரும். பிரிப்பதற்கு முன் கப்பியின் மூடிக்கும் தட்டுக்கும் குறுக்கே மார்க்கரில் கோடு போடுங்கள். மாற்றிப் பூட்டினால் பேலன்ஸ் போய் அதிரும். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, திருகுகளைச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கப்பி முகத்தில் ஆயிலோ கிரீஸோ பட்டால் பெல்ட் வழுக்கும், பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்து உலரவிடுங்கள். பெல்ட் தூசியைக் காற்று அடித்து வெளியேற்றுங்கள். பெல்ட்டைத் திரும்ப மாட்டும்போது அம்புக்குறி பழைய திசையிலேயே இருக்கட்டும். பெல்ட் இல்லாமல் இன்ஜினை ரைஸ் செய்து பார்க்காதீர்கள்.

பேரிங் மாற்றி, மூடியின் ரப்பரை நேராக உட்காரவைத்து ஸ்டார்ட் செய்தபோது ரிவர்ஸ் ஒரே "டக்"கில் விழுந்தது. கூட இருந்த தம்பிகள் ஆளுக்கு ஒருமுறை ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் பற்றி ஒரு வரி: வடிக்கும் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை, சில்லு இருந்தால் அப்போது பிரியுங்கள், ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

பார்க்கில் மாட்டிக்கொள்வது கோளாறே இல்லை, ஆனால் இதற்காகவும் வண்டியைப் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சரிவில் நேராகப் பார்க் போட்டு இறங்கினால் மொத்தப் பாரமும் உள்ளே இருக்கும் ஒரு கொக்கியில் தொங்கும், லிவர் அசையாது. பிரேக்கை மிதித்து, நியூட்ரல் போட்டு, கை பிரேக்கை இழுத்து, காலை எடுத்து வண்டி பிரேக்கில் உட்கார்ந்தபிறகுதான் பார்க். ஏற்கெனவே மாட்டிவிட்டால் லிவரோடு மல்லுக்கட்டாதீர்கள், புதுக் கேபிளும் நீளும். வின்ச்சாலோ ஜீப்பில் கயிறு கட்டியோ மேட்டுப் பக்கம் ஒரு விரற்கடை இழுத்தால் லிவர் தானாக வரும்.

இந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது, என்.எச். 85-ல் ஓட்டிக்கொண்டு போக முடியாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் பிக்கப்பில் கட்டித்தான் இறக்க வேண்டும். ஆகையால் பாதி மலையில் கியர் அரைக்க ஆரம்பித்தால், தோட்டத்து ஷெட் வரை வருவதற்கு ஒரு வழி: முழுசாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, லோ போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பல வண்டிகள் பிரேக் மிதித்திருந்தால் கியரிலேயே ஸ்டார்ட் ஆகும். இறக்கத்தில் மட்டும் இதை நம்பி வராதீர்கள். ஒருவழி பேரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று அப்போது தெரியாது.

இப்போது வண்டிப் பெட்டியில் ஒரு பழைய பெல்ட், நாலு காட்டர் பின், கேபிள் கட்டும் டேக், லேமினேட் செய்த சேஸிஸ் நம்பர் போட்டோ. குட்டைக் கேபிள் இன்னும் ஷெட்டில் தொங்குகிறது. பழைய மாடல் வைத்திருப்பவர்கள் உங்கள் கேபிளை அளந்துவிட்டுக் கேட்டால் தந்துவிடலாம்.