அத்தை வீட்டுக் கூரை

ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைப் பக்கம் இருக்கும் புளியரைக்குப் போயிருந்தேன். அத்தை வீட்டு நடு அறையில் கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்திருக்கிறது. துருவேறிய கம்பிகள் வெளியே தெரிகின்றன. அந்த நேரம் அத்தை கோழிகளுக்குத் தீனி வைக்க வெளியே போயிருந்தார். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கிவிட்டால் அங்கே படுக்க முடியாது.

"ஐயா, உன் மாமா கண்மூடிய வீடு இது. நான் எங்கேயும் வரமாட்டேன்" என்கிறார்.

கூரையைச் சரிசெய்ய அரசு உதவி உண்டா என்று நான் கேட்டவர்கள் எல்லோரும் புது வீட்டுத் திட்டங்களையே சொன்னார்கள். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், கலைஞரின் கனவு இல்லத்தில் குடிசைவாசிகளுக்கு 3.5 லட்சம். இரண்டும் புதிதாகக் கட்டத்தான். ஒழுகும் கான்கிரீட் கூரைக்கு என்ன வழி?

பெட்டியின் அடியில் கிடந்த பழைய ஆணைத்தாள்தான் வழி காட்டியது. இது 1990களில் கிடைத்த தொகுப்பு வீடு, அதாவது அரசுத் திட்டத்தில் கட்டிய வீடு. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு 2024இல் தனித் திட்டமே அறிவித்திருக்கிறது! சொந்தச் செலவில் கட்டிய வீட்டுக்கு இது பொருந்தாது.

நாளை அந்தத் தாள், ஆதார், ரேஷன் அட்டை, கூரையின் புகைப்படங்களோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போகிறேன். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் இந்த உதவி பெற்றவர்கள் இருந்தால், எத்தனை நாளில் அளவெடுக்க வந்தார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை கட்டிலைத் திண்ணையறைக்கு மாற்றியிருக்கிறோம்.