பாட்டையா எழுதாமல் விட்ட சுமத்ரா

எங்கள் காரைக்குடி வீட்டில் மேடான் என்றால் ஏதோ ஒரு கடையின் பெயர் மாதிரிதான். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், பாட்டையா கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் பார்க்கப் போன ஊர் அது. அவர் எழுதிய கணக்கேடு இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. வரவு, பற்று, வட்டி தவிர அந்த மண்ணைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தக் குறை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. போன ஆடியில் திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூர் வழியாகப் போய் இறங்கிவிட்டேன்.

1884இல் கட்டிய மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே பெராஸ்தாகி என்ற மலையூர். வண்டி ஓட்டிய தம்பி அந்த மலைப்பகுதியின் பூர்வகுடியான காரோ இனம், குலப்பெயர் செம்பிரிங் பாண்டியா என்றார். சோலியா என்றும் ஒரு கிளை உண்டாம். இதே தீவின் பாருஸில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வர, கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே எழவில்லை.

சிபாயாக் எரிமலைக்கு விடியுமுன் ஏறினோம். உச்சிக்குக் கீழே பாறை வெடிப்புகளிலிருந்து, குக்கரில் வெயிட் போடாமல் விட்டது போல ஆவி இரைந்துகொண்டே இருக்கிறது. வெடிப்பின் வாயைச் சுற்றி ஊசி ஊசியாக மஞ்சள் கந்தகம், தொட்டால் பொடிகிறது, நாற்றமோ அழுகிய முட்டை. எதிரே சினாபுங். பல நூறு வருஷம் தூங்கிவிட்டு 2010இல் விழித்த மலை, அதன் அடிவாரத்தில் ஊர்களே காலியாகிவிட்டன. அதைச் சொல்லும்போது தம்பியின் குரல் இறங்கிவிட்டது.

அப்புறம் சிப்பிசோ-பிசோ அருவி. பிசோ என்றால் கத்தி. பாறைச் சுவரின் நடுவிலிருந்து வெளியே வந்து 120 மீட்டர் ஒரே வீச்சில் விழுகிறது. படி இறங்குவது சுலபம், ஏறும்போது முழங்கால் கெஞ்சும்.

தோபா ஏரிதான் மனசை விட்டுப் போகவில்லை. 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் குழி, 100 கிலோமீட்டர் நீளம். அன்று பறந்த சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இன்றும் மண்ணடுக்காகக் கிடக்கிறது. ஏரி நடுவே சமோசிர் தீவில் பர்பாபா என்று ஒரு வெள்ளை மணல் கரை, அலையும் இல்லை, உப்பும் இல்லை. ஊருணியில் நீந்திப் பழகிய எனக்கு அங்கிருந்து கரையேறவே மனமில்லை.

ஊர் திரும்பியதும் அப்பத்தா முதலில் பார்த்தது என் வெள்ளி மோதிரத்தை. கந்தகப் புகையில் கறுத்திருந்தது. வளவுத் திண்ணையில் உட்கார்ந்து விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டே, "சரி, அந்த மலையில இருந்து ஆரம்பிச்சுச் சொல்லுப்பா" என்றார்.