அம்மாவின் கால்சியம் மாத்திரை

போன ஆடியில் அம்மா கிணற்றடியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மாடிப்படியிலிருந்து உருண்டதல்ல, நின்ற இடத்திலேயே விழுந்ததுதான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்ட மருத்துவர், "இவ்வளவு லேசாக விழுந்ததற்கு எலும்பு உடையக் கூடாதே" என்று, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். முதுகெலும்பில் அந்த அடர்த்தியைச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.9. மைனஸ் 2.5-க்கு வந்துவிட்டாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நோய் என்கிறார்கள். அம்மாவுக்கு வயது 71.

எனக்கு மனசு ஆறவில்லை. மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் கால்சியம் மாத்திரை போட்டுக்கொள்கிறவர் அம்மா. வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

"எப்பம்மா போட்டுக்கிறே?" என்று கேட்டேன். "காலையில ஆறு மணிக்கு, தைராய்டு மாத்திரையோடதான். ஒரே மடக்குல மூணும் போயிடும்" என்றார். மூன்றாவது, கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல்.

அந்த ஒரே மடக்கில் இரண்டு தப்பு இருந்தது. எங்கள் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கால்சியம், தைராய்டு மாத்திரையைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அம்மாவுக்கு டி.எஸ்.எச். (தைராய்டு போதாதபோது ரத்தத்தில் ஏறும் அளவு) ஏறிக்கொண்டே போனதும், 75 மைக்ரோகிராம் மாத்திரையை 100 ஆக்கியதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் நேரத்தைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அடுத்தது, அம்மா சாப்பிட்டது கால்சியம் கார்பனேட். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். அம்மாவோ வெறும் வயிற்றில், அதுவும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டே அதை விழுங்கியிருக்கிறார். வெகுநாளாக இருந்த மலச்சிக்கலுக்கும் கார்பனேட் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். நாங்கள் வயசு என்று விட்டிருந்தோம்.

சிட்ரேட்டுக்கு மாற்றினோம். அதற்கு அமிலம் தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் போடலாம். விலை கூடுதல்தான். ஆனால் கேஸ் மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு இதுதான் சரி என்பது என் எண்ணம். அம்மாவுக்கு இன்னொரு நிம்மதியும் கிடைத்தது. பழைய அட்டையின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது, அந்தக் கார்பனேட் சிப்பி ஓட்டிலிருந்து எடுத்தது என்று போட்டிருந்தது. முட்டைகூடத் தொடாதவர் அம்மா. மூன்று வருடம் தெரியாமல் சாப்பிட்டுவிட்டேனே என்று இரண்டு நாள் வருத்தப்பட்டார். சைவக்காரர்கள் எதிலிருந்து எடுத்தது என்று கேட்டு வாங்குவது நல்லது.

அட்டையின் முன்பக்க எண்ணை நம்பாதீர்கள். கார்பனேட்டில் நூற்றுக்கு 40 பங்குதான் கால்சியம், சிட்ரேட்டில் 21. அதாவது 1250 மில்லிகிராம் கார்பனேட்டில் 500 கால்சியம். 1000 மில்லிகிராம் சிட்ரேட்டில் சுமார் 210. பின்னால் 'எலிமென்டல் கால்சியம்' என்று பொடி எழுத்தில் இருப்பதுதான் உண்மையான கணக்கு.

அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து அம்மாவின் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. இரண்டு வேளை காபிக்கான பால், மத்தியானத் தயிர், 50 கிராம் கேழ்வரகுக் கூழ் எல்லாம் சேர்ந்து 600 பக்கம் வருகிறது. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, இட்லிக்கு எள்ளுப்பொடி என்று கொஞ்சம் கூட்டினோம். மிச்சத்துக்குத்தான் மாத்திரை: பதினொரு மணிக்கு ஒன்று, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. ஒரே வேளையில் 500-க்கு மேல் கொடுத்தால் உடம்பு அதே விகிதத்தில் எடுத்துக்கொள்வதில்லை, அதனால்தான் பிரித்தோம். கூட நாலு மாத்திரை போட்டால் எலும்பு இரும்பாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 36,000 பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2006-இல் வெளியானது. கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி கொஞ்சம் கூடியது. எலும்பு முறிவு பெரிதாகக் குறையவில்லை, சிறுநீரகக் கல் மட்டும் கூடியது.

அம்மாவின் வைட்டமின் டி அளவு 14 தான், குறைவு. அதற்கு 60,000 யூனிட் சாஷே (பொடிப் பொட்டலம்), வாரம் ஒன்று, எட்டு வாரம். தினமும் அல்ல, வாரம் ஒன்று. இதை ஃப்ரிட்ஜ் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். அந்த அளவு தேறிய பிறகுதான், வருடத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றும் ஜோலெட்ரானிக் அமில ஊசியைப் போட்டார்கள். எலும்பு கரைவதைத் தடுப்பது அந்த மருந்துதான், கால்சியம் அதற்குத் துணை. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இத்தனை நாள் ஆனது.

நேரத்தைப் பிரித்து இரண்டு மாதம் ஆனதும் டி.எஸ்.எச். அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. தைராய்டு மாத்திரையை மறுபடியும் 75 ஆக்கினார்கள். அந்த மாத்திரை அதிகமானாலும் எலும்பு கரையுமாம்.

கிணற்றடியில் பாசியைச் சுரண்டி சொரசொரப்பான கல் பதித்தாயிற்று. குளியலறையில் கைப்பிடி வைக்க ஆசாரி வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.