ராவி யார், சார்?

முதுகலை அரபு வகுப்புக்கு நவீன நாவல் நடத்துகிறேன். வருகிற பையன்களில் பலர் மதரஸாவில் ஓதிவிட்டு வந்தவர்கள். அரபு இலக்கணத்தின் நஹ்வு (வாக்கிய அமைப்பு), ஸர்ஃபு (சொல்லமைப்பு) இரண்டும் தண்ணி பட்ட பாடு. இலக்கணத்தில் என்னையே மடக்குவார்கள். ஒரு செய்தியைச் சொன்னால் போதும், யார் அறிவித்தது, அவருக்கு யார் அறிவித்தது என்று கேட்பார்கள். நபிமொழிகளான ஹதீஸ் படித்த பழக்கம்; அப்படி அறிவிப்பவருக்கு அங்கே ராவி என்று பெயர். நாவலிடமும் அதே கேள்விதான்.

ஜுர்ஜி ஸைதானோடு சிக்கல் இல்லை. பெய்ரூத்தில் பிறந்து, 1892-இல் கெய்ரோவில் 'அல்-ஹிலால்' இதழைத் தொடங்கியவர். இஸ்லாமிய வரலாற்றை வைத்து இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். வரலாறு எஜமான், கதை அதற்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. எந்த நூலிலிருந்து எடுத்தேன் என்று அடிக்குறிப்பும் போடுவார். பையன்களுக்கு நிம்மதி. எனக்குத்தான் அந்தக் காதல் ஜோடிகள் அலுத்துவிட்டார்கள். எந்த நூற்றாண்டானாலும் ஒரே பெருமூச்சு.

கமால் அல்-கீதானியின் 'அஸ்-ஸைனி பரகாத்' (1974) வந்தால்தான் வகுப்பு சூடுபிடிக்கும். 1517-இல் உஸ்மானியத் துருக்கியர் கைக்குப் போகப்போகிற, மம்லூக் சுல்தான்கள் ஆண்ட கெய்ரோ. ஸைனி நிஜமாகவே இருந்த ஆள். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த இப்னு இயாஸின் வரலாற்றில், சந்தை விலையையும் ஒழுங்கையும் கவனிக்கும் முஹ்தஸிபாக வருகிறார். அந்த நடையைக் கீதானி அச்சாகப் பிடித்து அரசாணை, ஒற்றர் அறிக்கை, தண்டோரா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இப்னு இயாஸின் சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்வேன். ஏட்டில் இருப்பது எது, கீதானி கைச்சரக்கு எது என்று லேசில் பிடிபடாது. உலகத்து ஒற்றர் தலைவர்களெல்லாம் கெய்ரோவில் கூடி மாநாடு போடும் இடம் வந்ததும் யாராவது சிரித்துவிடுவார்கள்: "சார், இது ரொம்ப ஓவர்."

அப்புறம்தான் 1966-இல் கீதானி சிறையில் இருந்ததையும், மறுவருடம் இஸ்ரேலுடனான போரில் எகிப்து தோற்றதையும், அதிபர் நாஸர் காலத்து உளவுத்துறையையும் சொல்வேன். சொன்ன பிறகு, தெருவெங்கும் விளக்கு மாட்டச் சொல்லும் ஸைனியின் ஆணையைத் திரும்ப வாசிக்கச் சொல்வேன். முதல் தடவை அது ஊருக்கு நல்ல காரியமாகத்தான் தெரிந்திருக்கும். இந்தத் தடவை ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "ராத்திரி யார் வீட்டுக்கு யார் போறாங்கன்னும் தெரியும்ல சார்."

அடுத்து அப்துர்ரஹ்மான் முனீஃபின் 'முதுன் அல்-மில்ஹ்' (உப்பு நகரங்கள்), முதல் பாகம் 1984. எண்ணெய்ப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கி அந்தத் துறையிலேயே வேலை பார்த்தவர், நாட்டின் பெயரையே சொல்லாமல் எழுதினார். ஆனாலும் சவூதியில் தடை விழுந்தது. ஹர்ரான் துறைமுகத்தில் அமெரிக்கர்களுக்கு நீச்சல் குளம், தொழிலாளிகளுக்குத் தகரக் கொட்டகை என்று வருகிற பகுதியை வாசித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இது அப்படியே நடந்தது சார்." ராவி யார் என்று பக்கத்தில் இருந்தவன் சீண்டினான். "எங்க வாப்பா. சவூதில, தம்மாம்ல வேலை பார்த்தாங்க."

'வரலாறு எது, புனைவு எது எனப் பிரித்தெழுதுக' என்ற கேள்வியைப் பரீட்சையில் இப்போது நான் கேட்பதில்லை. கீதானியிலிருந்து ஓர் ஆணையைக் கொடுத்து, இதைக் கேட்டதும் தெருவில் யார் யாருக்கு வயிறு கலங்கும் என்று எழுதச் சொல்கிறேன். இலக்கணப் புலிகள் மார்க் விடுவது இதில்தான்.